பூனை ஜாடி

காயவைத்த ஜாடிகளைத் தட்டிவிட்டது என்று என் கணவன் பாகோம் வீசிய கட்டை எங்கள் வீட்டுப் பூனையின் மண்டையில் பட்டது. அது அங்கேயே செத்தது. பூனைத் தெய்வத்தைக் கும்பிடும் எங்கள் எகிப்திய நகரம் புபாஸ்டிஸில் பூனையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை.

கோயிலுக்குச் செய்த, பூனை முகம் வைத்த பெரிய ஜாடி ஒன்றில் உடலைத் திணித்து, களிமண்ணால் வாயை அடைத்தான்.

"யார் கேட்டாலும் வாயத் தொறக்காத. தொறந்தே, அடுத்த கட்டை உனக்குத்தான்."

பதினொரு வருடங்களாக அவன் சொல்லை மீறாதவள் நான். அன்றும் தலையாட்டினேன். பயமா, பழக்கமா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பூனை கண் திறந்ததே என் மடியில்தான்.

மறுநாள் காலை கோயில் காவலர் வந்தார். உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் வீட்டுப் பூனை எங்கப்பா? நேத்து ஏதோ அலறினதா தெருவுல பேசிக்கறாங்க."

"எலி புடிக்கப் போயிருக்குங்க. பசிச்சா தானா வந்துடும்."

"ஜாடியெல்லாம் அம்சமா இருக்கே. இந்தப் பூனை மூஞ்சி உன் பொண்டாட்டி சாயலோ?"

இருவரும் சிரித்தார்கள்.

"அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

"தாராளமா கேளுங்க. அவ வாயில்லாப் பூச்சி. ஏய் மெரெத், இங்க வா."

நான் வெளியே வந்து நின்றேன். வாய் திறக்கவில்லை.

காவலர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகப் பாகோம் பக்கம் திரும்பினார்.

"வீட்டுப் பூனை செத்தாத்தானேப்பா புருவத்த மழிச்சு துக்கம் காப்பாங்க?"