ஓரங்கட்டுங்க

“என்னங்க, வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. எனக்குத் தலை சுத்துது” என்றாள் ஷோபனா.

பின்சீட்டில் இருந்த கதிரேசன் பல்லைக் கடித்துக்கொண்டான். பெஹாலாவில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி அதற்குள் இரண்டாவது தடவை.

சால்ட் லேக்கில் பதினோரு மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ. அதற்காகவே மதுரையிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான். காலையிலிருந்து அடைமழை. புக் பண்ணிய டாக்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. “நானே கொண்டு விடறேன்” என்று அத்தான் சுந்தரேசன் சாவியை எடுத்தார். “நானும் வரேன்” என்று அக்கா ஷோபனா உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சுந்தரேசன் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு மருந்துக் கடை முன்னால் காரை நிறுத்தினார்.

ஷோபனா கண்ணை மூடிக்கொண்டாள். “வெளியே என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க. கேட்டுட்டே இருந்தா சரியாயிடும்.”

“மஞ்சள் டாக்சி ஒண்ணு நிக்குது” என்று சுந்தரேசன் நிதானமாக ஆரம்பித்தார். “ஒரு அம்மா பச்சைக் குடை பிடிச்சிருக்காங்க. டீக்கடையில மண் கப் அடுக்கி வெச்சிருக்கான்.”

“இன்னும்?”

“சைக்கிள்ல ரெண்டு கோழி தலைகீழாத் தொங்குது. பாவம், அதுங்களும் நனையுது.”

ஷோபனா சிரித்துவிட்டாள். “ம், இப்ப போகலாம்.”

கதிரேசனுக்குக் காரணம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கிடர்பூரில் பிரேக் பிடிக்காத கண்டெய்னர் லாரி ஒன்று இவர்கள் காரின் மேல் மோதிவிட்டது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவுக்குக் கை முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பயம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

அதற்காக இப்படியா?

“அத்தான், எஃப்.எம். போடுங்களேன்” என்றான்.

“வேணாம்டா, எனக்குச் சத்தம் ஆகாது” என்றாள் ஷோபனா.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “அவனை முன்னால விட்டுருங்க. பின்னாடியே வந்தா எனக்கு வயித்தைக் கலக்குது” என்றாள்.

மேம்பாலம் வந்தபோது, “மேல ஏறாதீங்க, நடுவுல நிறுத்த இடமிருக்காது. கீழ் ரோட்டுலயே போங்க” என்றாள்.

“கீழே டிராஃபிக்ல மாட்டிக்குவோம்க்கா!”

“மாட்டினா மாட்டட்டும்.”

பைபாஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்த கண்டெய்னர் லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டது. ஷோபனா கத்தினாள். “நிறுத்துங்க, நிறுத்துங்க!”

சுந்தரேசன் மெல்ல இடது ஓரத்துக்கு வந்து நிறுத்தினார். மழைக்கோட்டு போட்ட டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“கீ ஹோலோ, தாதா?” என்ன ஆச்சு என்று வங்க மொழியில் கேட்டார்.

சுந்தரேசன் வாயைத் திறப்பதற்குள் ஷோபனா எட்டிப் பார்த்து, “அமார் ஷோரீர் காராப்” என்றாள், தனக்கு உடம்பு சரியில்லை என்று. போலீஸ்காரர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

மறுபடியும் வெளியே என்னென்ன இருக்கிறது என்ற கதை ஆரம்பித்தது. சிவப்புப் பஸ், தண்ணீரில் மிதக்கிற செருப்பு, விளம்பரப் பலகை. கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை.

“இவ்வளவு பயம்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்லக்கா? எதுக்குக் கூட வந்து எல்லாரையும் படுத்துற? பாவம் அத்தான், எவ்வளவு பொறுமையா இருக்காரு!”

ஷோபனா மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரேசன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கார் கிளம்பியது.

ஆனாலும் இன்டர்வியூவுக்கு நேரம் மிச்சமிருக்கும்போதே சால்ட் லேக் வந்துவிட்டார்கள். காலையில் அக்கா விரட்டி விரட்டி முன்னதாகவே கிளப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று. இறங்கியதும் கதிரேசனுக்கு மனசு உறுத்தியது. அக்கா பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

“ஏதோ டென்ஷன்ல பேசிட்டேன்க்கா, மனசுல வெச்சுக்காத. ஆனா ஒரு நல்ல டாக்டரைப் பாரு. விபத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படி வருதாம். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோவுதானே, இதுல வெட்கப்பட என்ன இருக்கு?”

“பார்க்கறேன்டா. நேரமாச்சு, நீ போ” என்றாள் ஷோபனா.

அவன் திரும்பினான்.

“கதிர், ஒரு நிமிஷம்” என்ற சுந்தரேசன் இன்ஜினை அணைத்தார். “டாக்டரைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். தைரியமா ஓட்டலாம்னு சொல்லிட்டார். ஆனா கை நடுங்க ஆரம்பிச்சா உடனே ஓரமா நிறுத்தணும், கண்ணுல படறதை ஒவ்வொண்ணாச் சொல்லணும், மனசு அடங்கினப்புறம்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்கார்.”

“ஓட்டலாம்னா? அக்காவுக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே அத்தான்!”

ஷோபனா அவசரமாகக் கணவனின் கையைப் பிடித்தாள். “வேணாங்க...”

“இருக்கட்டும் ஷோபனா. வெட்கப்பட என்ன இருக்குன்னு அவனே சொல்லிட்டானே” என்றார் சுந்தரேசன். “உங்கக்காவுக்குத் தலையும் சுத்தல, ஒண்ணும் சுத்தல, கதிர். பயம் எனக்கு.”

ஷோபனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பாடா! திரும்பிப் போறப்ப எனக்கு மயக்கம் வராதுங்க. நீங்களே நிறுத்திக்குங்க.”