மரத்தில் தெர்னா

"இந்தப் பேர்ல நீங்க கதவு விக்க முடியாதும்மா" என்றார் வக்கீல்.

குன்வோருக்கு விளங்கவில்லை. அவள் பட்டறையின் தெர்னா கதவுக் கீல் என்றால் நார்வேயின் மேற்குக் கரை முழுக்கத் தெரியும். உப்புக் காற்றிலும் துருப்பிடிக்காது.

"பேரைப் பதிவு பண்ணித்தானே வெச்சிருக்கேன்?"

"உலோகச் சாமான் பிரிவுல மட்டும். மரக் கதவு வேற பிரிவு. அதை அன்னிக்கே சேர்க்காம விட்டுட்டீங்க. போன வருஷம் வேற ஒருத்தர் மரத்துக்குத் தெர்னான்னு பதிவு பண்ணிட்டார். ஒட்முன்னு ஒருத்தர்."

குன்வோருக்குக் காது சுட்டது. ஒட்முன் அவளிடம் ஃபோர்மேனாக இருந்தவன். ஒரு பெட்டி நிறைய இருந்த கீல்கள் சரியில்லை என்று வாங்க வந்தவர் காதுபடச் சொன்னான். அங்கேயே, எல்லார் முன்னாலும், அவனை வேலையை விட்டு அனுப்பினாள்.

கீலை மட்டும் விற்று இனிப் பட்டறை ஓடாது. கதவை நம்பித்தான் புது இயந்திரமே வாங்கியிருந்தாள்.

மலைகளுக்கிடையே நுழைந்த கடலான ஃபியோர்டைச் சுற்றிக் காரை விரட்டிக்கொண்டு போனாள். ஒட்முன் தன் கொட்டகையில் இழைப்பு இயந்திரத்தில் ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க முதலாளியம்மா. பூட்ஸைக் கழட்ட வேண்டாம், இது வீடு இல்லை."

"திருட்டுப் பயலே. என் பேரைக் கொடு."

"காப்பி ஊத்தட்டுமா?"

"நீயே குடி. அது நான் வளர்த்த பேருடா."

"இரும்புல வளர்த்தீங்க. மரத்தை மறந்தது நானா?"

"வேலையை விட்டு அனுப்பினதுக்குப் பழி வாங்கறே. அதானே?"

"அந்தப் பெட்டியில இருந்தது மட்டமான கீல்தான். இப்பவும் சொல்வேன்."

அவள் சுவரோரம் சாய்த்திருந்த கதவுகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவன் பெயர்தான் பொறித்திருந்தது.

"ஒரு கதவுலகூடத் தெர்னான்னு போடலையே. அப்புறம் எதுக்கு உனக்கு அந்தப் பேர்? நான் சாகணும்னா?"

ஒட்முன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஊரூரா கிளை வெச்சிருக்கிற ஒரு கடையிலேர்ந்து ஆள் வந்தான். மட்டமான கதவைப் பண்ணி, தெர்னான்னு பேர் போட்டு விக்கணுமாம். உங்க சரக்குன்னு நம்பி ஜனம் வாங்குமாம். மரத்துக்கு அந்தப் பேர் யார்கிட்ட இருக்குன்னு என்னைக் கேட்டான்."

"அதை எங்கிட்டல்ல வந்து சொல்லியிருக்கணும்?"

"போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டீங்க. நேர்ல வந்தேன். பட்டறை கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

அது நிஜம்தான். அவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"அது என்னுது, பதிவுக்குக் கொடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன். அவன் கார் வளைவு திரும்பறதுக்குள்ள ஓடிப் போய் அதை உண்மையாக்கினேன். நாளைக்கே உங்க பேருக்கு மாத்திக்குங்க."

குன்வோர் வாயைத் திறந்தாள்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதீங்க" என்றான் ஒட்முன், இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டபடி. "உங்க மேல எனக்கிருக்கிற கோவம் இன்னும் அப்படியேதான் இருக்கு."