தேவிக்குப் பிடித்தது

கனாஷ் இரண்டாவது முறையாகத் திரிந்துபோனது. பாத்திரத்தில் சாக்லேட் தனியாகவும் எண்ணெய் தனியாகவும் நின்றன. குமரேசன் அடுப்பை அணைத்துவிட்டு மணி பார்த்தான். பத்தேகால். பன்னிரண்டுக்குள் தேவிப்ரியாவுக்கு கேக் தயாராக வேண்டும்.

முட்டை போடாத வெறும் கேக்கை நேற்றே கடையில் வாங்கிவிட்டான். அதன் மேல் ஊற்றுகிற சாக்லேட் கலவையான கனாஷை மட்டுமாவது தன் கையால் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதம். ஐந்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்கென்று அவன் அடுப்படிக்குள் நுழைந்ததில்லை.

செய்முறை அவளுடைய கையெழுத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. க்ரீம் பொங்கக் கூடாது, ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கவும். பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றவும். இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்கவும். அவ்வளவுதான். இரண்டு தடவையும் க்ரீமைப் பார்த்துக்கொண்டேதான் நின்றான். பொங்கியது மட்டும் தெரியவில்லை.

கூடத்தில் தேவியின் படத்துக்கு விடியற்காலையிலேயே மாலை போட்டாயிற்று. இன்று அவளுக்கு முதல் வருஷத் திதி.

போனவர்களுக்குப் பிடித்ததைப் படைத்தால்தான் மனம் நிறைந்து போவார்கள் என்பது இரு வீட்டாருக்கும் வழக்கம். சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் மாமியார் சரசு கீழ்பென்னாத்தூரிலிருந்து செய்து எடுத்து வருகிறாள். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

“எங்க வீட்ல இருந்தப்ப அவளுக்குப் பிடிச்சது சுழியம். அத நான் கொண்டாறேன். உங்ககிட்ட வந்தப்புறம் பிடிச்சது எதுவோ, அத நீங்க வெச்சிடுங்க மாப்பிள்ள.”

நேற்று ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட உட்கார்ந்தான். அரை மணி நேரம் கழித்தும் அதில் ஒரு வரிதான் இருந்தது. சாக்லேட் கேக்.

அவன் பிறந்தநாள், கல்யாண நாள், கலெக்டர் ஆபீசில் அவனுக்கு வேலை நிரந்தரமான நாள், எதுவானாலும் தேவி அதைத்தான் செய்வாள். கனாஷ் பளபளத்ததும் ஒரு கரண்டி எடுத்து அவன் வாயருகே நீட்டி, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நீயும் சாப்பிடேன் என்றால், கிண்டிக் கிண்டியே வயிறு ரொம்பிவிட்டது என்று சிரிப்பாள். அத்தனை ஆசையாய்ச் செய்தவளுக்கு வேறு என்ன பிடித்திருக்க முடியும்?

மூன்றாம் முறை குமிழ் தெரிந்த கணமே இறக்கினான். ஊற்றினான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவிலிருந்து மெல்லக் கலக்கியபோது சாக்லேட்டும் க்ரீமும் ஒன்றாகி, கருப்பாக மின்னின. கேக்கின் மேல் ஊற்றியதும் நாலா பக்கமும் சீராக வழிந்து இறங்கியது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக, எதையோ சரியாகச் செய்துவிட்டதாகத் தோன்றியது.

சரசு வரும்போது பதினொன்றரை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். கேரியரைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலிலுள்ள இந்த வீடு வரை பாதி தூரம் நடையாம். சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், அடுப்பு மேடையிலிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன குழம்புங்க, தாளிக்கவே இல்லயே?”

குமரேசனுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது.

படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சரசு ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். சுழியத்தை ஓரமாக வைத்துவிட்டு, இலையின் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டாள். மாப்பிள்ளை செய்ததற்கு. பிறகு தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் கேக்கை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தான். சரசு அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கா என்று விசாரித்தாள்.

“தேவிக்குத்தான் அத்த. இதுன்னா அவளுக்கு உசிரு.”

காலி இடத்தில் கேக்கை வைத்தான். வழிந்திருந்த ஒரு சொட்டை விரலால் துடைத்தான். நிமிர்ந்தபோது சரசு கற்பூரத் தட்டைத் தரையில் வைத்துவிட்டிருந்தாள். மகளின் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அவ சாக்லேட்டே சாப்பிட மாட்டா, மாப்பிள்ள. இது உங்களுக்குப் பிடிச்சது.”