கதவு திறந்திருக்கையில்

கதவு திறந்திருக்கையில் ரோபோவின் கை அசையக் கூடாது.

இன்ஜினியர் சத்யப்பிரியா அந்தச் சோதனைக் கருவிக்குக் கொடுத்த விதி அது ஒன்றுதான்.

ரோபோவின் புரோகிராமில் என்னென்ன நடக்க முடியுமோ அத்தனையையும், கோடி வழியானாலும், ஒன்று விடாமல் போய்ப் பார்த்துவிடும் கருவி அது. எங்காவது விதி உடைந்தால் அந்த வழியைப் படிப்படியாக எழுதிக் காட்டும். ஒரகடம் தொழிற்சாலையில் இன்றுதான் அதை முறைப்படி நிறுவியிருந்தார்கள்.

காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பதினோராவது நிமிடத்தில் திரை சிவந்தது. விதி உடைகிறது. ஒன்பது படிகள்.

ஆறாவது படியில் ரோபோ நிற்கிறது. ஏழாவதில் வேலிக்கதவு திறக்கிறது. எட்டாவதில், முன்பே வந்து காத்திருந்த ஒரு கட்டளை விழித்துக்கொள்கிறது. ஒன்பதாவதில் இரும்புக் கை இறங்குகிறது.

விபத்து விசாரணையில், அந்த ரோபோவில் வேலை பார்த்த இசக்கிபாண்டி இதைத்தான் சொன்னான். ரோபோ நின்ற பிறகுதான் கதவைத் திறந்தேன் என்று.

யாரும் நம்பவில்லை. கவனக்குறைவு என்று எழுதி, வலது கையில் இரண்டு விரல் போனவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர்களே, போன் பார்த்துக்கொண்டு கையை விட்டிருப்பான் என்றார்கள்.

அவனை வரச்சொல்லித் திரையைக் காட்டினாள்.

ஒன்பது படிகளையும் இரண்டு தடவை படித்தான்.

"அப்ப நான் பொய் சொல்லலைல்லா மேடம்?"

இல்லை என்று தலையசைத்தாள். ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றான். மேடம் மட்டும் இல்லையென்றால் தன் பெயர் கெட்டது கெட்டதாகவே போயிருக்கும் என்றான். கண் கலங்கியிருந்தது.

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். குறை முதலில் தெரியவந்த நாள் எது என்று கேட்டிருந்த இடத்தில் தேதியை அடித்தாள்.

ஜனவரி ஏழு.

"மேடம், தேதி தப்பா விழுந்துட்டு. எனக்கு அடிபட்டதே பிப்ரவரிலதான?"

தப்பில்லை என்றாள். பிறகு நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். ஜனவரியில் இதே கருவியைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததை. அன்றும் இதே ஒன்பது படிகள் வந்ததை. மறுநாள் காலை ரோபோ உற்பத்தி லைனுக்குப் போயாக வேண்டியிருந்தது. ரோபோ நிற்பதற்கும் அந்தக் கட்டளை விழிப்பதற்கும் நடுவே இருக்கும் அரை நொடியில் யார் கதவைத் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்து, அப்போது கதவு திறக்காது என்று ஒரு வரியை அவளே கருவியில் சேர்த்துவிட்டாள். அதன் பிறகு கருவி, குறை ஒன்றும் இல்லை என்றது.

இசக்கிபாண்டி திரையில் இருந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தான்.

அப்புறம், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்பவனைப் போலக் கேட்டான்.

"விசாரணையன்னைக்கு எனக்கு எதுத்தாப்புலதான மேடம் உக்காந்திருந்தீங்க?"