எத்தனை பௌர்ணமி தாங்கும்?

“மூணு மாசம் தாங்கும்னு சொன்னீங்க. ரெண்டு பௌர்ணமிகூடத் தாங்கலையே டாக்டர்!”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கோதண்டராமன் ஆரம்பித்துவிட்டார். எலும்பு டாக்டர் தேவிப்ரியா அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓய்ந்துபோய் உட்கார்ந்த அவர் மனைவி வேதாவைப் பார்த்தார்.

“வலி எப்பலேருந்தும்மா?”

“காலையிலேருந்து” என்றாள் வேதா.

“காலையில என் தங்கச்சி போன் பண்ணா டாக்டர். கீழ்பென்னாத்தூர்லேருந்து வேன் வச்சிக்கினு கிளம்பறோம், பதினஞ்சு பேருன்னு சொன்னா. நான் போனை வைக்கறேன், இவ முட்டியைப் பிடிச்சிக்கினு உக்காந்துட்டா. எப்படித்தான் சரியா இன்னிக்குப் பாத்து வருதோ!”

கிரிவலப் பாதைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டியதில் அவருக்கு அத்தனை பெருமை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொந்தபந்தம் மொத்தமும் அங்கேதான் வந்து இறங்கும். மலையைச் சுற்றக் கிளம்பும் முன் காபி, டிபன். சுற்றிவிட்டு வந்ததும் காலில் ஊற்றிக்கொள்ள வெந்நீர், சுடச்சுட இட்லி. விடிந்தால் மறுபடியும் காபி. அவர்களுக்குப் புண்ணியம், வேதாவுக்கு அடுப்படி. வாசலிலிருந்து பார்த்தால் மலை தெரியும் வீட்டில் இருந்துகொண்டு, பௌர்ணமியன்று அவள் அந்த மலையைச் சுற்றிப் பல வருஷம் ஆகிறது. தேய்க்காத குண்டான்களையும் உதறாத பாய்களையும் நினைத்தபோதே அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

“இன்னொரு ஊசி போட்டு விட்டுடுங்க டாக்டர். வேன் வர்றதுக்குள்ள எழுந்து நின்னுடுவா இல்ல? ஊர்ல ஒரு கிளினிக்கும் திறக்கல. பௌர்ணமியில நீங்க ஒருத்தர்தான் ஜனங்களுக்காக உக்காந்திருக்கீங்க. உங்களுக்குப் பெரிய மனசு.”

டாக்டர் எழுந்து வந்தார். வேதாவின் முட்டியை மடக்கி, நீட்டி, அங்கங்கே அழுத்திப் பார்த்தார். எங்கே அழுத்தினாலும் வேதா, “ஆமா டாக்டர், வலிக்குது” என்றாள்.

“இது கார்ட்டிசோன் ஊசி சார். நினைச்சப்பல்லாம் குத்தற ஊசி இல்ல. சிலருக்கு மூணு மாசம் தாங்கும், சிலருக்கு மூணு வாரத்துலயே விட்டுடும். கேரண்டி எல்லாம் கிடையாது.”

“விட்டுட்டா திரும்பப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“அடிக்கடி போட்டா உள்ள இருக்கற ஜவ்வு தேஞ்சிடும். சுகரும் ஏறும். போன தடவை எப்படிம்மா இருந்துச்சு?”

“சுகரு ஒரு வாரம் ஜாஸ்தியாத்தான் காட்டிச்சு. முகமெல்லாம் ஜிவுஜிவுன்னு சிவந்து போச்சு” என்ற வேதா, புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். “இருந்தாலும் பரவால்ல டாக்டர். போட்டுடுங்க.”

கோதண்டராமனின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, அவளே கேக்கறா! விருந்தாளிங்கன்னா அவளுக்கு உயிரு.”

டாக்டர் வேதாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கோதண்டராமன் பக்கம் திரும்பினார்.

“சார், ஊசி போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. இன்னிக்கும் நாளைக்கும் இவங்க அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. குண்டான் தூக்கக்கூடாது. கால நீட்டிப் படுத்தே இருக்கணும். மீறினீங்கன்னா நான் பொறுப்பில்ல.”

“ஐயய்யோ, அப்ப பதினஞ்சு பேருக்கு யாரு இட்லி ஊத்தறது?”

“ஓட்டல்ல சொல்லுங்க. இல்லாட்டி நீங்க ஊத்துங்க. வெளிய போய் உங்க தங்கச்சிக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடுங்க. நான் இவங்களைப் பாத்து அனுப்பறேன்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் ஊசியைத் தேடவில்லை. நாற்காலியை வேதாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. வீட்டுக்காரரை முந்திக்கிட்டு, கைப்பிடியைக்கூடத் தொடாம வெளி மாடிப்படி ஏறி வந்தீங்க. ஊசி இன்னும் தாங்குது, இல்ல?”

வேதாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“தாங்குது டாக்டர். நான்தான் தாங்கலை. ஊசி போட்டா ரெண்டு நாளு எழுந்திருக்கக் கூடாதுன்னு போன தடவை சொன்னீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த ரெண்டு நாளுதான் நான் படுத்திருந்து, அவரு காபி போட்டு எடுத்தாந்து கொடுத்தாரு. அதுக்காக, வலிக்காத முட்டியில இன்னொரு குத்து வாங்கிக்கினாலும் போகுதுன்னு வந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

டாக்டர் பதில் சொல்வதற்குள் மேஜை மேல் இருந்த அவருடைய போன் அதிர்ந்தது. பேரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்தார்.

“சொல்லுங்கத்தை… வந்துட்டாங்களா? எல்லாருமா?… இல்லத்தை, இப்பதான் ஒரு எமர்ஜென்சி கேஸ் வந்திருக்கு. விட்டுட்டு எப்படி வர்றது? நீங்களே பாத்துக்குங்க.”

போனைக் கவிழ்த்து வைத்தார். வெளியே எட்டிப் பார்த்து, கம்பவுண்டரிடம் ரெண்டு டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு வேதாவின் பக்கத்தில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“எங்க வீட்ல இன்னிக்கு இருபது பேரும்மா. நான் என்ன, ஜனங்களுக்காகவா பௌர்ணமியில கிளினிக்கைத் திறந்து வச்சிருக்கேன்?”