பாஸ்வேர்ட் தவறு

"என்னங்க, ஒரே நிமிஷம். இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கணவன் முன்னால் வைத்தாள். அவன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். ஆபீஸ் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"சரியான பாஸ்வேர்டைத்தான் குடுக்கறேன். ஆனா தப்பு, தப்புங்குது."

அவன் ஒரு கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான். உடனே மூடிக்கொண்டான்.

"இதெல்லாம் அடிப்படை. இதுகூட வரலைன்னா எப்படி? புத்தகத்தை ஒழுங்காப் படி."

"படிச்சுட்டுத்தாங்க கேக்கறேன்."

"என்னை விடேன்! நாள் பூரா அங்கேயும் இதே தலைவலிதான்."

அவள் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் அவளுக்கு ரிசப்ஷனிஸ்ட் வேலை. போன் எடுக்க வேண்டும், நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும், வலியில் எரிந்து விழுகிறவர்களைச் சமாளிக்க வேண்டும். இனிமேல் எல்லாரும் இணையத்திலேயே நேரம் குறித்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, தன் நாற்காலி ஆடத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துபோனது.

"அதை நானே செஞ்சு தரேன் டாக்டர்" என்று வாயை விட்டுவிட்டாள்.

"செஞ்சு காட்டுங்க. அப்புறம் அதைப் பாத்துக்கற வேலையும் உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

இணையதளம் எழுதுவது பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். பாடம் நடத்துகிற புத்தகம் இல்லை, வேலை வாங்குகிற புத்தகம். முதலில் ஒரு சின்ன முகவரிப் பட்டியலைச் செய்யச் சொல்லும். முடித்தால் ஓர் இணையக் கடை. அதையும் முடித்தால், கடைக்குள் ஆட்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைய ஒரு லாகின் பக்கம். ஒன்று ஓடினால்தான் அடுத்ததில் கை வைக்க முடியும்.

"உனக்கென்ன கவலை? வீட்டுக்காரர் சாப்ட்வேர் கம்பெனியில மேனேஜர். வாத்தியார் வீட்டுக்குள்ளேயே இருக்கார்" என்பாள் அவள் அக்கா.

அந்த வாத்தியாரிடம் அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சமைத்து, பாத்திரம் கழுவி, துணி மடித்துவிட்டு மிச்சமிருக்கும் தெம்பில் புத்தகத்தைப் பிரிப்பாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். 'சொல்லிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவாரு?' என்று மனசுக்குள் பொருமுவாள்.

ஒரு நாள் காலையில் அவன் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அது இல்லாமல் அவனுக்குத் திரையில் ஒன்றும் தெரியாது. கிளினிக் போகிற வழிதானே என்று அவன் ஆபீசுக்குப் போனாள்.

"சார் பயிற்சி ரூம்ல இருக்காரு மேடம்" என்ற வரவேற்புப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேனேஜருங்களும் இனிமே புரோகிராம் எழுதணுமாம். நாளைக்கு டெஸ்ட். தேறாதவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. பாவம், வருஷக்கணக்கா ஆளுங்களை மேய்ச்சவங்க. திடீர்னு எழுதுன்னா என்ன பண்ணுவாங்க?"

பயிற்சி அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கடைசி வரிசையில் அவள் கணவன், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் அவள் வைத்திருக்கும் அதே தலையணைப் புத்தகம். எதிரே ஒரு பயிற்சியாளன். கணவன் வயதில் பாதிகூட இருக்காது.

"சார், வாரம் பூரா இந்த லாகின்லயே நிக்கறீங்க. இதெல்லாம் அடிப்படை. இதுகூட வரலைன்னா எப்படி?"

யாரோ சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

கண்ணாடியை வரவேற்புப் பெண்ணிடமே கொடுத்தாள்.

"நான் உள்ள வந்தேன்னு சொல்லாதீங்கம்மா. வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க."

சாயங்காலம் அவன் வந்து சோபாவில் பொத்தென்று விழுந்தான். சட்டையைக் கழற்றவில்லை. அவள் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"என்னங்க, இந்த லாகின் வரவே மாட்டேங்குது. டாக்டர் நாளைக்குக் காட்டச் சொல்லியிருக்காரு."

அவன் முகம் இறுகியது. கத்தப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் நகரவில்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது" என்றான். "நிஜமாவே தெரியாதும்மா. அன்னிக்கும் தெரியாமத்தான் உன்மேல கத்தினேன்."

"அப்ப தெரியாதவங்க ரெண்டு பேர் ஆச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் தப்பாக எழுதினாள், அவன் திருத்தினான். அவன் விட்டதை அவள் கேள்வியாகக் கேட்டாள். எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தால், பழையபடி 'பாஸ்வேர்ட் தவறு' என்றது திரை.

"ஏங்க, பாஸ்வேர்டை அப்படியே சேத்து வைக்காதீங்க, புரியாத எழுத்துக்களா உருமாத்தி வைங்கன்னு போட்டிருக்கே. அது எதுக்கு?"

"அதுவா, யாராவது திருடினாலும்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "அட! உருமாத்தி வச்சதை, நாம அடிக்கறதோட அப்படியே ஒப்பிட்டா எப்படிப் பொருந்தும்? அடிக்கறதையும் உருமாத்தித்தானே பாக்கணும்!"

ஒரே ஒரு வரியை மாற்றினான். பாஸ்வேர்டை அடித்தான். 'வருக' என்றது திரை.

"விட்டுடுச்சு! உள்ள விட்டுடுச்சு!" சோர்வெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லவேளை, நீயும் இதே எடத்துல மாட்டிக்கிட்ட. இல்லைன்னா நாளைக்கு என் கதை கந்தல்!"

அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

போன வாரமே பிசகில்லாமல் ஓடத் தொடங்கியிருந்த தன் லாகின் பக்கத்தை, அவன் வரும் காலடிச் சத்தம் கேட்டபோதுதான் அவள் மொத்தமாக அழித்திருந்தாள்.