ஒரே ஒரு பிரதி

பிரேடாவிலிருந்து ரயிலேறி வந்த மாய்க்கே, மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த அந்தப் படத்தை என் ஓவியக் கடை மேசையில் விரித்தாள். உறைந்த கால்வாயில் முதுகு காட்டிச் சறுக்கிப் போகிறாள் ஒரு பெண். கீழே பென்சிலில் ஓவியர் வோப்பேயின் கையெழுத்து. பக்கத்தில் 1/1, அதாவது அச்சடித்ததே ஒன்றுதான். வருஷம் 1998.

"விக்கணும். என்ன விலை போகும்?"

"கையெழுத்து அவரோடதுதான்," என்றேன். "நாப்பது வயசு வரைக்கும் ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார். ஆம்ஸ்டர்டாம்ல ஒரே ஒரு கண்காட்சி, அப்புறம் அவரைப் பிடிக்கவே முடியல. போன வருஷம் போய்ச் சேர்ந்ததும் விலை இன்னும் ஏறிடுச்சு. ஆனா வேற பிரதி இருக்கக் கூடாது."

"எப்படி இருக்கும்? அந்தப் பொண்ணே நான்தான்! இனி யாரும் இன்னொண்ணு அடிக்கக் கூடாதுன்னு, பலகையை என் கண்ணு முன்னாடியே அடுப்புல போட்டார். ஒரே பிரதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போதும்."

பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

"முடியாது."

"ஏன்? அவரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!"

"முப்பது வருஷம் கூடவே குடும்பம் நடத்தினவ. தெரியும்னுதான் நானும் நெனச்சேன்."

அவள் படத்தின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"மாடியில இதே படம் மாட்டியிருக்கு, மேடம். கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கொடுத்தது. அதுலயும் இதே நம்பர். வருஷம் மட்டும் 1989."

"அப்போ... பலகை?"

"அன்னைக்கே என் கண்ணு முன்னாடி அடுப்புல போட்டார். அந்த நெருப்புல குளிர் காஞ்சேன்."

மாய்க்கே படத்தைச் சுருட்டினாள்.

"நானும்தான்," என்றாள்.